202 சுற்று ஓட்டிய வெண்டல் ஸ்காட்

2021 ஆகஸ்டு 28. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டேட்டோனா பந்தயத் திடலில், அன்றைய கார் பந்தயம் தொடங்குவதற்கு முன் ஒரு குடும்பத்தாரிடம் கோப்பை ஒன்று வழங்கப்பட்டது. அந்தக் கோப்பைக்கு உரிய பந்தயம் நடந்தது 1963 டிசம்பர் 1ஆம் தேதி. பந்தயத்துக்கும் கோப்பைக்கும் இடையே ஏறக்குறைய 58 ஆண்டுகள்! வென்றவர் பெயர் வெண்டல் ஸ்காட். கோப்பை வந்து சேர்ந்தபோது அவர் இறந்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் அவருடைய நூறாவது பிறந்தநாள்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எழுந்த முதல் கேள்வி இதுதான்: ஒரு பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்று சொல்ல இவ்வளவு காலமா? அந்தக் கேள்வியோடுதான் அவரைப் பற்றித் தேடத் தொடங்கினேன். ஆனால், படிக்கப் படிக்க, அந்த ஒரு பந்தயத்தைவிட அவர் ஓட்டிய மற்ற 494 பந்தயங்கள்தாம் என்னை அதிகமாகப் பிடித்து இழுத்தன.

கள்ளச்சாராயமும் கார் பந்தயமும்

கார் பந்தயம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது சிப்பாங். 1999 முதல் 2017 வரை அங்கே நடந்த பார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய கார்கள், பந்தயத்துக்கென்றே உருவாக்கப்பட்டவை. சாலையில் அவற்றைப் பார்க்கவே முடியாது. அமெரிக்கர்களின் 'ஸ்டாக் கார்' பந்தயம் வேறு வகை. 'ஸ்டாக்' என்றால் கடையில் விற்பனைக்கு இருக்கும் சரக்கு. அதாவது அந்தக் காலத்தில் யாரும் கடையில் வாங்கக்கூடியதாக இருந்த அதே கார். அதன் என்ஜினையும் அச்சுகளையும் மாற்றி, உள்ளே இரும்புக் கூண்டு அமைத்து, நீள்வட்டத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட விட்டார்கள்.

இந்தப் பந்தயத்தின் வேர் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருக்கிறது. மலையடிவாரங்களில் காய்ச்சிய வரி கட்டாத விஸ்கியை இரவோடு இரவாக நகரங்களுக்குக் கொண்டு போக வேண்டும். பின்னால் போலீஸ் துரத்தும். அதனால் வெளித்தோற்றத்தில் சாதாரணமாகவும் உள்ளே அசுர வேகத்தோடும் கார்களைத் தயார் செய்தார்கள். யாருடைய கார் வேகமானது என்ற போட்டி பிறகு பந்தயத் திடலுக்கு வந்தது. 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் டேட்டோனாவில் நாஸ்கார் என்ற அமைப்பைத் தொடங்கி, இதற்கு விதிமுறைகளை வகுத்தார். இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய கார் பந்தய அமைப்பு அதுதான்.

மில்லுக்குப் போக மாட்டேன்

வெண்டல் ஸ்காட் 1921 ஆகஸ்டு 29இல் வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் பிறந்தார். பஞ்சாலைகளும் புகையிலைக் கிடங்குகளும் நிறைந்த ஊர். அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்புக்கு, 1865 ஏப்ரலில் ஒரு வாரம் கடைசித் தலைநகராக இருந்ததும் இதே ஊர்தான். பள்ளி, உணவகம், பேருந்து, மருத்துவமனை என எல்லாவற்றிலும் கறுப்பினத்தவருக்கு ஓர் இடம், வெள்ளையருக்கு ஓர் இடம் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது.

அப்பா கார் ஓட்டுநர், மெக்கானிக். மகனுக்கும் அந்தக் கைவேலை ஒட்டிக்கொண்டது. மில்லிலோ புகையிலைக் கிடங்கிலோ மேஸ்திரியின் அதட்டலுக்குப் பயந்து வேலை செய்வதில்லை என்று இளம் வயதிலேயே அவர் முடிவு செய்துவிட்டார். டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் வாகனங்களைப் பழுது பார்த்தார். போர் முடிந்து திரும்பியதும் சொந்தமாக ஒரு பட்டறை வைத்தார். அந்த வருமானம் போதாமல் இரவில் கள்ளச்சாராயமும் கடத்தினார். ஒரே ஒருமுறை, 1949இல், பிடிபட்டார். சிறைக்கு அனுப்பாமல் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்கள்.

அவருடைய பந்தய வாழ்க்கைக்குக் கதவு திறந்த விதம் வேடிக்கையானது. 1952இல் டான்வில் பந்தயத் திடல் நடத்துநர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. ஒரு கறுப்பின ஓட்டுநரை இறக்கினால் வேடிக்கை பார்க்க ஆள் வரும் என்று கணக்குப் போட்டார்கள். யாரை இறக்குவது? போலீசாரிடமே போய், "உங்களிடம் சிக்காமல் வேகமாக ஓட்டும் கறுப்பினத்தவர் யார்?" என்று விசாரித்தார்கள். போலீசார் சொன்ன பெயர், வெண்டல் ஸ்காட்.

1952 மே 23இல் அவர் முதன்முதலாகத் தடத்தில் இறங்கியபோது கூட்டத்தின் ஒரு பகுதி கூச்சலிட்டு எள்ளியது. அன்று அவருடைய கார் பாதியில் பழுதாகிவிட்டது. ஆனால், இதுதான் நம் தொழில் என்று அன்றிரவே அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே காரைச் சரிசெய்து, இழுத்துக்கொண்டு வின்ஸ்டன்-சேலம் நகரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கண்ணில் நீரோடு வீடு திரும்பியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து ஹை பாயிண்ட் என்ற ஊருக்குப் போனார். அங்கேயும் அதே பதில்.

நாஸ்கார் சேர்க்காவிட்டால் என்ன? அதன் கீழ் வராத சிறு திடல்களில் ஓட்டினார். தொடங்கி இரண்டு வாரத்துக்குள் லிஞ்ச்பர்க் நகரில் ஒரு சிறு பந்தயத்தில் வென்றும் காட்டினார். பிறகு ரிச்மண்ட் திடலில் இருந்த பகுதிநேர நாஸ்கார் அதிகாரி ஒருவரை அணுகி உரிமம் கேட்டார். "உன்னை இடிப்பார்கள், தள்ளுவார்கள், தாங்குவாயா?" என்ற பொருளில் அவர் கேட்க, "தாங்குவேன்" என்று ஸ்காட் பதில் சொல்ல, உரிமம் கைக்கு வந்தது. தலைமையகத்திலிருந்து வந்த அழைப்பு அல்ல அது. சிறிய பதவியில் இருந்த ஒருவர் கையெழுத்திட்ட தாள்.

பிறகு ஒருமுறை, மற்ற ஓட்டுநர்களுக்குக் கொடுத்த பெட்ரோல் காசை ஒரு பந்தய நடத்துநர் இவருக்கு மட்டும் கொடுக்க மறுத்தார். ஸ்காட் நேராக பில் பிரான்சிடமே போய் முறையிட்டார். அவர் தம் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, நீயும் நாஸ்கார் உறுப்பினர், இனி உறுப்பினருக்கு உரிய மரியாதை உனக்குக் கிடைக்கும் என்று உறுதி சொன்னார். இந்த வாக்குறுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மீண்டும் இந்த இடத்துக்கு வரும்.

பழைய டயர், பழைய என்ஜின்

1959இல் வர்ஜீனியா மாநிலச் சாம்பியன் பட்டத்தை ஸ்காட் வென்றார். 1961 மார்ச் 4ஆம் தேதி, தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில், நாஸ்காரின் உயர்நிலைப் பிரிவில் அடியெடுத்து வைத்தார். அப்போது அவருக்கு 39 வயது. இந்தக் காலத்தில் அந்த வயதில் பலர் ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அங்கே அவர் யாரோடு மோதினார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1960களில் போர்டு, கிரைஸ்லர் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் கார்கள் வென்றால் விற்பனை ஏறும் என்று முன்னணி அணிகளுக்குப் பணத்தைக் கொட்டின. புதிய என்ஜின், வேண்டிய அளவு புது டயர், டயர் மாற்றுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஸ்காட்டிடம் இருந்தது டான்வில் பட்டறை. அவரே ஓட்டுநர், அவரே மெக்கானிக், அவரே முதலாளி. மகன்கள் வெண்டல் ஜூனியரும் பிராங்கும் உதவியாளர்கள். மனைவி மேரிக்கும் அவருக்கும் ஏழு பிள்ளைகள். மற்ற அணிகள் பயன்படுத்திக் கழித்த டயர்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கித்தான் 34 எண் கொண்ட தம் காரை அவர் ஓட வைத்தார். பயணம் போகும் வழியில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, விடுதியில் அறை கிடைக்காது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சாப்பாடு, வண்டியிலேயே தூக்கம்.

என் தாய்மாமா கிள்ளானில் சிறிய கார் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. 'ஹாஃப் கட்' கடையில் வாங்கிய பழைய என்ஜினைப் பொருத்திக் கொடுக்கும்போது, வாடிக்கையாளரிடம் மாமா ஒன்றைத் தவறாமல் சொல்வார்: "தம்பி, ரொம்ப அடிச்சு ஓட்டாதே. அது நாளைக்கும் ஓடணும்." ஸ்காட் ஓட்டிய விதத்தைப் படித்தபோது எனக்கு மாமாவின் அந்த வார்த்தைதான் காதில் விழுந்தது. காரை உடைத்தால் வேறு கார் கொடுக்க ஆள் இருப்பவன் ஒரு வகையாக ஓட்டுவான். உடைந்தால் திங்கட்கிழமை தானே படுத்துச் சரிசெய்ய வேண்டியவன் வேறு வகையாக ஓட்டுவான். வேண்டுமென்றே தம்மை வந்து இடித்தவர்களைக்கூட ஸ்காட் பெரும்பாலும் திருப்பி இடிக்கவில்லை. பொறுமை மட்டும் அதற்குக் காரணமல்ல. சண்டையில் கார் சேதமானால் அடுத்த வாரப் பந்தயம் இல்லை. கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளை ஓட்டுநரை இடித்துத் தள்ளினால் அந்தக் கூட்டம் என்ன செய்யும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஜாக்சன்வில்லில் நடந்தது

1963ஆம் ஆண்டு அமெரிக்காவையே உலுக்கிய ஆண்டு. ஜூன் 10ஆம் தேதி, சம உரிமை கேட்டு அமைதியாகக் கூடிய மக்களை ஸ்காட்டின் சொந்த ஊரான டான்வில்லில் போலீசார் தடியால் அடித்தும் தண்ணீர் பீய்ச்சியும் விரட்டினார்கள். நவம்பர் 22இல் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 1ஆம் தேதி, புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அரை மைல் மண் தடத்தில் 200 சுற்றுப் பந்தயம் நடந்தது. சக ஓட்டுநர் நெட் ஜாரெட்டிடம் வாங்கிய செவர்லே காரில் ஸ்காட் இறங்கினார்.

தடம் குண்டும் குழியுமாக இருந்தது. முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரில் கோளாறு ஏற்பட, சுமார் 25 சுற்றுகள் மீதமிருக்கும்போது ஸ்காட் அவரைக் கடந்து முதலிடத்துக்கு வந்தார். 200 சுற்று முடிந்தது. கொடி அசையவில்லை. 201. அப்போதும் இல்லை. 202. பிறகுதான் கட்டம் போட்ட கொடி அசைந்தது. வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டவர் பக் பேக்கர் என்ற வெள்ளை ஓட்டுநர். கோப்பை அவர் கைக்குப் போனது. படம் எடுத்தார்கள். கூட்டம் கலைந்தது.

ஸ்காட் விடவில்லை, முறையிட்டார். சுமார் இரண்டு மணி நேரம் சரிபார்த்த பிறகு, அவர் பேக்கரைவிட இரண்டு சுற்று அதிகம் ஓட்டியிருப்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். முதல் பரிசான 1,000 டாலர் அவருக்குக் கிடைத்தது. கோப்பை கிடைக்கவில்லை. சில வாரம் கழித்து ஜார்ஜியாவின் சவானா நகரில் அவரிடம் ஒரு கோப்பை தரப்பட்டது. பெயர்கூடப் பொறிக்காத மலிவான மரத்துண்டு அது.

எண்ணிக்கையில் ஏற்பட்ட பிழை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கணினி கிடையாது, ஆட்கள்தான் காகிதத்தில் சுற்றுகளைக் குறித்தார்கள் என்பது உண்மை. குழப்பங்களும் நடந்திருக்கின்றன. 1959இல் நடந்த முதல் டேட்டோனா 500 பந்தயத்தில் ஒருவரை வெற்றியாளர் என்று கூறிவிட்டு, படங்களைப் பார்த்து, மூன்று நாள் கழித்து லீ பெட்டிதான் வென்றார் என்று மாற்றி அறிவித்தார்கள். ஆனால், நான் இங்கே ஒரு வித்தியாசத்தைக் காண்கிறேன். டேட்டோனாவில் இரண்டு கார்கள் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைத் தொட்டன. கண்ணால் பிரித்தறிவது கடினம். ஜாக்சன்வில்லில் இடைவெளி இரண்டு முழுச் சுற்று. லீ பெட்டிக்கு உரியது மூன்று நாளில் ஊரறியக் கிடைத்தது. ஸ்காட்டுக்கு உரியது காலி மைதானத்தில் காதோடு காதாகச் சொல்லப்பட்டது.

காரணம் என்ன என்று ஸ்காட்டுக்குச் சந்தேகமே இல்லை. பந்தயத்தில் வென்றவருக்கு அழகு ராணி ஒருவர் முத்தம் கொடுப்பது அங்கே வழக்கம். தென்மாநிலத்தில், வெள்ளையர் கூட்டத்தின் முன், ஒரு வெள்ளைப் பெண் கறுப்பினத்தவரை முத்தமிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் கொடியைத் தாமதித்தார்கள் என்று அவர் கடைசிவரை சொல்லி வந்தார். நாஸ்கார் உறுப்பினருக்கு உரிய மரியாதை கிடைக்கும் என்று பில் பிரான்ஸ் சொன்ன வாக்குறுதி அன்று ஜாக்சன்வில்லில் வந்து சேரவில்லை.

வெற்றிக்குப் பின்னும் வராத பணம்

ஒரு பந்தயத்தில் வென்றால் ஸ்பான்சர்கள் தேடி வருவார்கள் என்பது பொது விதி. ஸ்காட்டிடம் அந்த விதி செல்லவில்லை. நாடு முழுக்கக் கடைகள் வைத்திருந்த பெரிய நிறுவனம் எதுவும் அவரை நிலையாக ஆதரிக்க முன்வரவில்லை. எல்லா வெள்ளை ஓட்டுநர்களும் அவருக்கு எதிராக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. காரைக் கொடுத்து உதவிய ஜாரெட் போன்றவர்கள் இருந்தார்கள். ஆனால், தனி மனிதர்களின் நல்ல மனம் ஒரு புது என்ஜினுக்கு ஈடாகாது.

அந்த நிலையில்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அன்று ஓர் ஆண்டுப் பருவத்தில் 50, 60 பந்தயங்கள் நடக்கும். 13 ஆண்டுகளில் ஸ்காட் ஓட்டியவை 495. முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது 20 முறை. முதல் பத்து இடங்களுக்குள் வந்தது 147 முறை. 1966ஆம் ஆண்டின் மொத்தப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் முதல் பத்துக்குள். நூறு பந்தயம் ஓட்டினால் முப்பதில் முதல் பத்துக்குள் வந்திருக்கிறார். அதுவும் பிறர் கழித்த டயரில்! ஒரே ஒரு வெற்றி பெற்றவர் என்று அவரை அறிமுகம் செய்பவர்கள் இந்த 147ஐ விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அவருடைய உண்மையான சாதனை இதுதான்.

கடைசியில் கடன் வாங்கி ஒரு நல்ல மெர்க்குரி காரைத் தயார் செய்தார். 1973 மே 6ஆம் தேதி, அலபாமாவின் தாலடேகா திடலில், பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் சுமார் 20 கார்கள் ஒன்றோடொன்று மோதிய பெரும் விபத்தில் அந்தக் கார் நொறுங்கியது. ஸ்காட்டின் விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சார்லட்டில் ஒருமுறை மட்டும் மீண்டும் ஓட்டி, 12ஆம் இடத்தில் முடித்தார். உயர்நிலைப் பிரிவில் அதுவே கடைசி. வயது 52. பிறகு டான்வில்லில் பழையபடி கார் பழுதுபார்த்தே வாழ்ந்தார். 1977இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி 'கிரீஸ்ட் லைட்னிங்' என்ற திரைப்படம் வந்தது. ரிச்சர்ட் பிரையர் ஸ்காட்டாக நடித்தார். 1990 டிசம்பர் 23ஆம் தேதி, முதுகுத்தண்டுப் புற்றுநோயால், 69ஆம் வயதில் ஸ்காட் காலமானார்.

தாமதமாக வந்த மரியாதைகள்

மரியாதைகள் அவர் போன பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2013இல் டான்வில்லில் அவர் பெயரில் வரலாற்று நினைவுப் பலகை நாட்டப்பட்டது. 2015இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் முதல் கறுப்பினத்தவராகச் சேர்க்கப்பட்டார். 2020 ஜூன் மாதம், தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியைத் தன் திடல்களில் யாரும் ஏற்றக் கூடாது என்று நாஸ்கார் தடை விதித்தது. ஸ்காட் ஓட்டிய ஆண்டுகளில் பார்வையாளர் வரிசையில் சாதாரணமாகப் பறந்த கொடி அது. அந்தத் தடைக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர் பப்பா வாலஸ் என்ற கறுப்பின இளம் ஓட்டுநர்.

2021 ஆகஸ்டில் கோப்பை வந்தது. ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4ஆம் தேதி, பப்பா வாலஸ் உயர்நிலைப் பிரிவில் வென்றார். ஸ்காட்டுக்குப் பிறகு அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். வென்ற இடம் தாலடேகா. ஸ்காட்டின் எலும்பும் காரும் முறிந்த அதே திடல். வாலஸுக்குப் பின்னால் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கல் ஜோர்டன் பங்குதாரராக இருக்கும் அணியின் பணபலம் இருந்தது. ஸ்காட்டுக்குப் பின்னால் இரண்டு மகன்களும் ஒரு பட்டறையும்தான் இருந்தார்கள். அப்படியொரு அணி ஸ்காட்டுக்கு அமைந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தாமதமாக வந்தாலும் கோப்பை வந்ததே, நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். நல்லதுதான். ஏழு பிள்ளைகளின் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால், 1963இல் அதே கோப்பை அவர் கையில் இருக்கும் படம் மறுநாள் செய்தித்தாளில் வந்திருந்தால், அதைப் பார்த்து ஒரு டயர் நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ அவரைத் தேடி வந்திருக்கலாம். பந்தயத்தில் வாய்ப்பு அப்படித்தான் வரும். அந்த வாய்ப்பை 2021ஆம் ஆண்டின் கோப்பையால் திருப்பித் தர முடியாது. மரியாதையை உரிய நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் இளைஞர்களிடம் ஸ்காட்டைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், பறிபோன கோப்பையோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பந்தயம் முடிந்ததும் அவர் காரை இழுத்துக்கொண்டு டான்வில் திரும்பினார். பட்டறையில் அதைச் சரிசெய்தார். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள், தன்னைக் கூச்சலிட்டு வரவேற்ற அதே தென்மாநிலத் திடல்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் ஓட்டினார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.